முப்பது பேர் கேட்ட செபம்

2024 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன். போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுத்து வைக்க வேண்டிய நாளில், இராயப்பன் பதுளை ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நண்பகல் அளவில் மகளின் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. டொக்டர் அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற சமூகப் பணியாளர் றிப்தா தமிழில் சொன்னார்: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு.

இராயப்பன் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் நிற்கவில்லை.

"பேர விடுங்க ஐயா," என்றார் றிப்தா. பதுளைப் பட்டணத்துப் பெண். முப்பது வயது இருக்கும். "அது டொக்டர்மாருக்கு. ஒங்களுக்கு விளங்குற மாதிரி செல்றன். ஒங்கட மகளுக்குக் கோவம், பயம், கவலை எல்லாம் எங்களுக்கு வாறத விட வேகமா வரும், பலமா வரும், போறதுக்கு நாளெடுக்கும். ஆக்கள் விட்டுட்டுப் போயிருவாங்களோன்டு எந்நேரமும் ஒரு பயம் இருக்கும். இது நடிப்பில்ல. பைத்தியமும் இல்ல. சொகமாகும். ஆனா சுணங்கும்."

"எவ்வளவு சுணங்கும்ங்க மிஸ்?"

"வருசக் கணக்கு."

மகள் நிலக்ஷனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயது. ஒன்பது வருடமாகத் தன்னைப் பற்றித் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். இது அவற்றைவிட நீளமாக இருந்தாலும் நல்ல பெயராக இருந்தது.

இராயப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்ப் பிரிவில், லயத்தின் வரிசைக் காம்பராக்களில் ஒன்றில் குடியிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து, பிறகு ஒரு ஆட்டோ வாங்கி ஹாலிஎல சந்தியில் ஓட்டுகிறார். ஆனால் தோட்டத்துக்கு அவர் ஆட்டோக்காரர் இல்லை, உபதேசியார். பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசகம் வாசிப்பதும், செபம் சொல்லுவதும், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பதும் இராயப்பன்தான். அவருக்கென்று ஒரு திறமை இருந்தது. யார் வீட்டில் என்ன வருத்தம், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை, யாருடைய விசா இழுபடுகிறது, யாருக்குக் காலில் சத்திர சிகிச்சை என்று ஒன்று விடாமல் நினைவில் வைத்து, பேர் பேராகச் சொல்லி மன்றாடுவார். கையில் துண்டுக் காகிதம்கூட இருக்காது. 'ராயப்பண்ணன் பேரச் சொல்லிட்டா மேல கேட்டுரும்' என்று பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமியே சொல்லுவாள். அவள் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். செபமாலைக்கும் தவறாமல் வருவாள்.

மனைவி இருதயம்மா குவைத்தில் வீட்டு வேலை. நிலக்ஷனாவுக்கு எட்டு வயதில் போனார். இரண்டு வருடம் என்று போனது, வந்து வந்து போய், இன்னும் முடியவில்லை.

மகளுக்குப் பதினைந்து பதினாறு வயதில் தொடங்கியது. ஒரு நாள் அப்பாவைப் போல உலகத்தில் ஆள் இல்லை. மறுநாள் மூஞ்சியில் முழிக்கக் கூடாது. கூட்டாளிப் பிள்ளைகளிடமும் அதே கதை. கையில் தழும்புகள் வந்தன, நீளக் கை சட்டை வந்தது. இராயப்பன் ஓட்டத்தில் இருக்கும்போது தொடர்ந்து போன் வரும். எடுக்காவிட்டால் அழுகை, எடுத்தால் சண்டை. தெமோதரைப் பொடியன் ஜெசிந்தனோடு ஒரு காதல் வந்தது. அவன் டிசம்பரில் விலகினான். ஜனவரியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை இராயப்பன் வார்டு வாசலில் நின்றார்.

தோட்டத்தில் எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. கொழுப்பு என்றார்கள். காத்துக் கறுப்பு என்றார்கள். கட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். இராயப்பனும் சும்மா இருக்கவில்லை. மந்திரித்த எண்ணெய் பூசினார், உபவாசம் இருந்தார், தலையில் கை வைத்துச் செபிக்க ஆள் கூட்டி வந்தார். எதற்கும் அவள் மசியவில்லை.

பெயர் கிடைத்த அன்றைக்கு, வீடு திரும்பும் வழியில், ஆட்டோவின் பின் சீட்டிலிருந்து அவள் பேசினாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"இத அம்மாவுக்கு மட்டும் சொல்லுங்க. லயத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பாக்கியம் அக்காவுக்குக் கூட."

"நா யாருக்குச் சொல்லப் போறேன்?"

"நீங்கதான் ஊருக்கே சொல்லுவீங்க."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

மனதாரத்தான் சொன்னார். எட்டு மாதம் சொன்னபடியும் இருந்தார்.

அந்த எட்டு மாதமும் இராயப்பனுக்குப் பள்ளிக்கூடம். மாதத்தில் இரண்டாம் செவ்வாய் கிளினிக். மகள் டொக்டரைப் பார்த்து, பிறகு கூட்டாகச் செய்யும் பயிற்சிக்குப் போவாள். அந்த நேரத்தில் றிப்தா அப்பாவைத் தனியாக உட்கார வைப்பார்.

"அவ 'நான் செத்தா ஒங்களுக்கு நிம்மதி'ன்டு சென்னா நீங்க என்ன செல்வீங்க?"

"அப்பிடிப் பேசாத, பாவம்னு சொல்லுவேன்."

"பிறகு?"

"பைபிள்ல ஒரு வசனம் சொல்லுவேன்."

"பிறகு?"

"பிறகு அவ தட்டத் தூக்கி எறிவா."

றிப்தா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. "வசனத்துக்கு முன்னுக்கு ஒன்டு ஈக்கி ஐயா. அவ சென்னது ஒங்களுக்குக் கேட்டுச்சின்டு அவளுக்குத் தெரியணும். 'ரொம்பக் கஷ்டமா இருக்குது போல'ன்டு செல்லுங்க. அவ செல்றது சரின்டு ஒத்துக்கத் தேவையில்ல. கஷ்டம் கஷ்டம்தானே? பிறகு நேரடியாக் கேளுங்க, ஒனக்கு ஏதும் செஞ்சுக்க நெனைக்கிறியான்டு. கேட்டா அந்த நெனப்பு வந்துராது. ஆமான்டு சென்னா தனிய விடாம இங்க கூட்டி வாங்க."

இன்னொன்றும் சொன்னார். வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடியாததற்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இதெல்லாம் மரியாதை, இவளுக்கு மருந்து.

வீட்டில் முதல் தடவை செய்து பார்த்தபோது நிலக்ஷனா உடனே பிடித்துவிட்டாள்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு போல," என்றார் இராயப்பன்.

"றிப்தா மிஸ் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமா."

"சொல்றது சரி. மொகத்த அப்பிடி வச்சுக்காதீங்க. சாவு வீட்டு மொகம்."

ஹாலிஎல ஆட்டோ பார்க்கிலும் ஒரு நாள் முயன்று பார்த்தார். தாமதமாகப் போனதற்காகக் கத்திய ஒரு வெலிமடை வியாபாரியிடம், "ஒங்களுக்கு ரொம்பக் கோவம் வந்திருச்சு போலங்க," என்றார். "வராம? லீக்ஸ் மூட்டையோட அரை மணித்தியாலமா வெயில்ல நிக்கிறேன், கோவம் வந்திருச்சு போலவாம்!" என்று அந்த ஆள் இன்னும் எகிறினான். எல்லோருக்கும் எல்லா மருந்தும் ஆகாது என்று இராயப்பன் விட்டுவிட்டார்.

ஆனால் வீட்டில் வேலை செய்தது. மெதுவாக. ஏப்ரலில் தட்டு பறப்பது நின்றது. ஜூனில் பதுளை பஜாரில், புஹாரி ஹாஜியாரின் புடவைக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஹாஜியாரின் மனைவி ஸவாஹிராதான் கடையைப் பார்க்கிறவர். நிலக்ஷனாவுக்குப் புடவை மடிப்பதிலும் விற்பதிலும் கைவாகு இருந்தது. ஒன்று வாங்க வந்த அம்மாமார் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் கோபம் தலைக்கேறியபோது, கத்தாமல், "அப்பா, நா கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வாறேன், அரை மணில வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அரை மணியில் வந்தாள். இராயப்பன் அன்றைக்கு இருதயம்மாவுக்குப் போன் எடுத்து அதை ஒரு விழாச் செய்தி போலச் சொன்னார்.

அக்டோபர் வந்தது. செபமாலை மாதம். கீழ்ப் பிரிவில் அந்த மாதம் முழுக்க மாதாவின் சிலையான சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு. மாலையில் லயமே அந்த வீட்டு வாசலில் கூடும். செபமாலை சொல்லி முடிந்ததும் வீட்டுத் தலைவர் எழுந்து அந்த வீட்டின் கருத்தைச் சொல்ல வேண்டும். எதற்காக மன்றாட வேண்டும் என்பதுதான் கருத்து. சத்தமாகச் சொன்னால்தான் கூட்டம், 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்ல முடியும். ஒளித்து வைத்துச் செபிக்கும் வழக்கம் அங்கே இல்லை. கடன்காரன் கடனைச் சொல்லுவான், குடிகாரனின் மனைவி குடியைச் சொல்லுவாள். சொல்லாமல் விட்டால், இந்த வீட்டுக்காரருக்கு நம்மிடம் என்ன மறைப்பு என்று கேட்பார்கள்.

இருபத்து நான்காம் திகதி, வியாழக்கிழமை, சுரூபம் இராயப்பன் வீட்டுக்கு வந்தது. நிலக்ஷனா கடையில் லீவு எடுத்து, காம்பராவைக் கழுவி, மாதாவுக்கு நீலப் பட்டுத் துண்டொன்றில் விரிப்புத் தைத்திருந்தாள். பாக்கியலெட்சுமியோடு குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே இராயப்பன் எழுந்து நின்றார்.

வீரசிங்கத்தின் காலுக்காகச் சொன்னார். றிச்சர்ட் மகனின் பரீட்சைக்காகச் சொன்னார். குவைத்தில் இருக்கும் இருதயம்மாவுக்காகச் சொன்னார். எல்லோருக்கும் சொல்லிவிட்டு, மகளுக்குச் சொல்லாமல் மாதாவுக்கு முன்னால் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. எட்டு மாதத்துக் கிளினிக்கும், பறக்காத தட்டுகளும், அரை மணியில் திரும்பி வந்த பிள்ளையும் கண் முன்னே வந்து நின்றன.

"எங்கள் மகள் நிலக்ஷனாவுக்கு வந்திருக்கிற ஆளுமைக் கோளாறு என்கிற நோய் முற்றாகக் குணமாகவும், அவள் தன் உயிருக்குத் தீங்கு செய்துகொள்ளாதபடி காக்கப்படவும், தாயே, உம்மை மன்றாடுகிறோம்."

'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றது கூட்டம். ஓர் ஆள் குறையாமல் சொன்னார்கள்.

குசினியில் பாக்கியலெட்சுமி கேத்தலைக் கீழே வைத்துவிட்டாள். நிலக்ஷனா வைக்கவில்லை. தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒவ்வொருவருக்கும் குனிந்து தேத்தண்ணி கொடுத்தாள். வீரசிங்கம் கோப்பையை வாங்கிக்கொண்டு, "ஒண்ணும் யோசிக்காத பாப்பா, எங்க அக்கா மகளுக்கும் இப்பிடித்தான் மண்டையில," என்றார். இன்னொருத்தி, மடு மாதாவுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் நிலக்ஷனா, "சரிங்க," என்றாள்.

கடைசி ஆள் போன பிறகு அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"சத்தியம் பண்ணீங்க."

"நா யாருக்கும் சொல்லலம்மா. மாதாகிட்டதானே சொன்னேன்."

"மாதாவுக்குக் காது கேக்காதா? அவ்வளவு சத்தமாவா சொல்லணும்?"

"செபத்துல சொல்றது வேற பிள்ள. அது ஒருத்தர்கிட்ட சொல்ற மாதிரி..."

"வீரசிங்கம் மாமா எம் மண்டையப் பத்திப் பேசுறாரு. எட்டு மாசமா நா ஒரு சாதாரண ஆளா பஸ்ஸுல போய்ட்டு வந்தேன். நாளைக்கு அந்த பஸ்ஸுல நா எப்பிடி ஏறுறது?"

கத்தவில்லை. அதுதான் இராயப்பனைப் பயமுறுத்தியது. காலையில் அவள் ஒரு பையோடு போனாள். பதுளையில், கடையில் கூட வேலை செய்யும் சஜீவனியின் போர்டிங் அறையில் பாதியை எடுத்துக்கொண்டாள். அப்பாவின் நம்பரைத் தடுத்துவிட்டாள்.

இருதயம்மாவின் நம்பரைத் தடுக்கவில்லை. இராயப்பன் மனைவியிடம் கேட்டார்.

"என்ன சொல்றா?"

"உசிரோட இருக்கா. சாப்பிடுறா. வேலைக்குப் போறா."

"வேற?"

"வேற சொல்றத நா ஒங்களுக்குச் சொல்லமாட்டேன்."

"நா அவளுக்கு அப்பன்டி."

"அதுக்கு?" என்றார் இருதயம்மா. "பதினாறு வருசமா ஊரான் வீட்டுல இருக்கேன். அந்த வீட்டு ஆளுக சண்ட எல்லாம் எனக்குத் தெரியும். ஒண்ணாவது ஒங்களுக்குச் சொல்லியிருக்கேனா? வாய மூடத் தெரிஞ்சதுனாலதான் இங்க வச்சிருக்காங்க. நீங்களும் கத்துக்கங்க."

நவம்பர் பன்னிரண்டு, இரண்டாம் செவ்வாய், நிலக்ஷனா கிளினிக்குக்கு வரவில்லை. வரும் வரும் என்று வாசலில் நின்ற இராயப்பனை றிப்தா உள்ளே கூப்பிட்டார். மாத்திரை அவளிடம் அந்த வாரத்தோடு முடிந்திருக்கும். ஜனவரியில் நடந்தது இன்னொரு தரம் நடந்தால் என்ன செய்வது என்பதைத் தவிர இராயப்பனுக்கு வேறு நினைப்பில்லை. போர்டிங்கிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வரவா என்று கேட்டார். பாதரை அனுப்பவா என்று கேட்டார்.

"அவ வளர்ந்த பிள்ள ஐயா. இழுத்தா அடுத்த மாசம் இன்னும் தூரம் போவா. நான் பேசிப் பாக்கிறன், கடையிலயும் ஸவாஹிரா ராத்தாட்ட ஒரு கண் வச்சிக்கச் செல்றன். காரணம் செல்லமாட்டன்." பிறகு கேட்டார்: "அவ வீட்ட விட்டுப் போக முந்தி என்ன நடந்திச்சி?"

இராயப்பன் சொன்னார். "செபத்துலதாங்க சொன்னேன்," என்று முடித்தார்.

"அந்த செபத்துல எத்தன பேர் இருந்தாங்க?"

"முப்பது பேர் இருப்பாங்க. மாதாவையும் சேத்தா முப்பத்தொண்ணு."

"அதுல யாருக்கு மட்டும் தெரிஞ்சா அவளுக்குப் பரவாயில்ல?"

கருத்து சொன்னபோது தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முகங்களை இராயப்பன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது அப்போதுதான்.

"மாதாவுக்கு," என்றார்.

அந்த வாரம் அவர் ஒரு முடிவு செய்தார். பாக்கியலெட்சுமியிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழம கோயில்ல, எல்லாருக்கும் முன்னால, எம் மக விசயத்தப் பேசினது தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேக்கப் போறேன்."

பாக்கியலெட்சுமி பைப்படியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்குண்ணே? அன்னைக்கு வராதவங்களுக்கும் தெரியணுமா?"

அவருக்குச் சுருக்கென்றது. குடம் நிரம்பும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. வாயை மூடுவது. 'பாப்பா எங்க காணோம்?' என்று கேட்டால், "பதுளையில வேலையா இருக்கா," என்றார். 'நோய் எப்பிடி?' என்று கேட்டால், "அவகிட்டயே கேளுங்க," என்றார். உபதேசியாருக்குப் பெருமை வந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. ஞாயிறு மன்றாட்டில் பேர்களை விட்டுவிட்டு, 'எங்கள் நடுவில் துன்பப்படும் எல்லோருக்காகவும்' என்று பொதுவாகச் சொன்னார். கோயில் வாசலிலேயே வீரசிங்கம் மறித்தார்.

"என்ன ராயப்பா, எங் கால விட்டுட்ட?"

"எல்லாரும்னு சொன்னேனேண்ணே. அதுல ஒங்க காலும் இருக்கு."

"எல்லாரும்னா யாரு? பேரச் சொன்னாத்தானப்பா எனக்குத் திருப்தி."

"சரி, இனிமே கேட்டுட்டுச் சொல்றேன். ஒங்க காலச் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லு. ஊரே பாக்கத்தானே நொண்டுறேன்."

டிசம்பர் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பாதர் இல்லை. இராயப்பன் முதல் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு வாசகப் புத்தகத்தைத் திறந்தபோது சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். மகளின் பெயர். ஐந்து வாரத்தில் முதல் தடவை.

வாசகத்தை முடித்துவிட்டு எடுக்கலாம். பத்து நிமிடம்தான். ஆனால் பத்து நிமிடம் அவளுக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். பீடத்துக்குப் பக்கத்துக் கதவால் வெளியே போய் எடுத்தார்.

"அப்பா. எனக்கு ஏலாம இருக்கு."

"எங்க இருக்க?"

"போர்டிங்ல. சஜீவனி ஊருக்குப் போயிருக்கா. யாரும் இல்ல."

"ஒனக்கு ஏதாவது செஞ்சுக்க நெனைக்கிறியா?"

"நெனச்சேன். செய்யல. அதான் எடுத்தேன்."

"நா வாறேன். முக்கால் மணி ஆகும். வீட்டுக்காரம்மா இருக்காங்களா? அவங்க பக்கத்துல போய் உக்காரு. எதுவும் சொல்லத் தேவையில்ல, சும்மா உக்காரு. போன வைக்காத. நா காதுல மாட்டிக்கிட்டே வாறேன்."

உள்ளே வந்து, புத்தகத்தை முன் வரிசையில் இருந்த றிச்சர்டின் கையில் வைத்தார். "நீ வாசி." கூட்டம் திரும்பிப் பார்த்தது. வீரசிங்கம் பெஞ்சியிலிருந்து எட்டிக் கேட்டார்: "என்ன ராயப்பா? பாப்பாவுக்கு ஏதுமா?"

நாற்பது முகங்கள். அவ்வளவும் கவலைப்படுகிற முகங்கள். ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பேரும் முழங்காலில் நின்று அவளுக்காகச் செபிப்பார்கள். அவருக்கும் அந்தச் செபம் அப்போது வேண்டியிருந்தது.

"ஹயர் ஒண்ணு," என்றார் இராயப்பன். "அவசர ஹயர்."

போகும்போது, வாசகத்தைப் பாதியில் விட்டுச் சவாரிக்குப் போகிற உபதேசியாரைப் பற்றி யாரோ ஒருத்தர் சத்தமாகவே சொன்னார். இராயப்பன் ஆட்டோவைக் கிளப்பினார்.

பதுளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் போர்டிங். வீட்டுக்காரம்மா வாசலில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படியில் நிலக்ஷனா காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் எழுந்து வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். இராயப்பன் வண்டியை ஒரு வாகை மரத்து நிழலில் நிறுத்தினார். இருவருக்கும் அப்படிப் பேசிப் பழக்கம்: அவர் முன்னால் பார்த்துக்கொண்டு, அவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு.

"ஸவாஹிரா அக்கா மக்காவுக்கு உம்ரா போயிட்டாங்க. கடையில எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லல."

அவசரத்தில் மறந்திருப்பார், இரண்டு வாரத்தில் வந்துவிடுவார், இதற்கா இவ்வளவு என்று மூன்று பதில்கள் இராயப்பனின் நாக்கில் வந்தன. மூன்றையும் விழுங்கினார்.

"சொல்லாமப் போனது பொறுக்க முடியாமப் போச்சு போல."

"அம்மாவும் அப்பிடித்தான் போனாங்க. நா தூங்கும்போது." பிறகு குரல் ஏறியது. "நீங்க மட்டும் என்ன? ஒங்கள நம்பினேன். முப்பது பேர் முன்னால என்னக் கைவிட்டுட்டீங்க. இப்ப தட்டு எறிஞ்சாலும் நோயி, சும்மா சிரிச்சாலும் நோயி. எல்லாரும் பாப்பாங்க."

"ஆமா."

"என்ன ஆமா?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுச் சொன்னேன். தப்பு."

அவள் காத்திருந்தாள். "ஆனா?"

"ஆனா ஒண்ணுமில்ல."

ஒரு ரயில் நிலையத்துக்குள் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் ஓடி வந்து, "ஹயர் போவீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். இராயப்பன் இல்லை என்று தலையாட்டி அனுப்பினார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழம," என்றாள் நிலக்ஷனா, அப்போதுதான் நினைவு வந்தவளாக. "கோயில விட்டுட்டா வந்தீங்க?"

"றிச்சர்ட் வாசிக்கிறான்."

"அவருக்குக் கண்ணே தெரியாதே. எங்க போறீங்கன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. ஹயர்னு சொன்னேன்."

"கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டுப் பொய்யா?"

"பீடத்துக்கிட்ட நின்னு."

பின் சீட்டில் ஒரு சத்தம் வந்தது. முதலில் சிரிப்பு, அது பாதியில் அழுகையானது. இராயப்பன் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. ஆட்டோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை இருந்தார். அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டார். இன்றைக்கு வேண்டாம், நினைப்பு விலகிவிட்டது, திரும்ப வந்தால் சொல்லுகிறேன் என்றாள். மாத்திரை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றும் அவளே சொன்னாள். றிப்தாவின் நம்பருக்கு அவள் கையாலேயே போன் எடுத்தாள். திங்கட்கிழமை காலையில் வந்து மருந்து எடுத்துக்கொள்ளும்படியும், இன்றைக்குத் தனியாக இருக்க வேண்டாம் என்றும் றிப்தா சொன்னார். சஜீவனி பின்னேரம் நாலு மணி பஸ்ஸில் வருவாள். அதுவரை இருக்கிறேன், அவள் வந்ததும் போய்விடுகிறேன் என்று இராயப்பன் சொன்னார். இருவரும் ஒரு கடையில் கொத்து ரொட்டி வாங்கி ஆட்டோவுக்குள் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"வீட்டுக்கு வரமாட்டேன்," என்றாள் நிலக்ஷனா, ரொட்டியைக் கிளறிக்கொண்டே.

"சரி."

"கோவத்துல சொல்லல. எனக்கு இங்க நல்லாருக்கு."

"சரிம்மா."

"கிளினிக்குக்குப் போவேன். நீங்க கொண்டுபோய் விடலாம். உள்ள வரக் கூடாது. நா சொன்னா மட்டும் வரலாம்."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சரிங்காதீங்க, கிளிப்பிள்ள மாதிரி. ஒங்களுக்கு எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க."

"உள்ள வரக் கூடாதுன்னது கொஞ்சம் சுடுது," என்றார். "பரவாயில்ல. தாங்கலாம்."

நாலு மணி பஸ் இருபது நிமிடம் பிந்தி வந்தது. சஜீவனி இறங்கியதும் இராயப்பன் சொன்னபடி கிளம்பினார்.

திங்கட்கிழமை நிலக்ஷனா ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுத்தாள். அப்பாவின் நம்பர் இப்போது திறந்திருக்கிறது; அவள் ஒரு நாளைக்கு ஒரு தரம் எடுக்கிறாள், சில நாள் சண்டை பிடிக்கத்தான். இருதயம்மாவின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. வந்தால் திரும்பிப் போவதில்லை என்கிறார். மகள் அதை நம்பவில்லை. கீழ்ப் பிரிவில், வாசகத்தை விட்டுச் சவாரிக்குப் போன கதை இன்னும் ஓடுகிறது. பாதரின் காதுக்கும் போயிருக்கிறது. இராயப்பன் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

டிசம்பர் பத்தாம் திகதி இரண்டாம் செவ்வாய். காலை எட்டு மணிக்கு அவர் போர்டிங் வாசலில் ஆட்டோவை நிறுத்துவார், மகளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு ஹாலிஎலைக்குத் திரும்பிவிடுவார்.